குடமும் குழாயும்: திருகோணமலை வீடுகளின் நீர்ச்செலவு குறித்து ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரண்டு வாயில்களாலேயே உள்நுழைந்துள்ளனர். ஒன்று கோணேசர் கோயில், மற்றையது துறைமுகம். முதல் வாயிலால் நுழைந்தோர் குளக்கோட்டன் திருப்பணியையும், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை எழுப்பிய கொடுமையையும் கூறினர். இரண்டாம் வாயிலால் நுழைந்தோர் 1639 இல் ஒல்லாந்தர் வந்ததையும், 1795 இற் பிரித்தானியர் கோட்டையைக் கைப்பற்றியதையும், 1942 ஏப்பிரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்ததையும் விரித்தனர். இவையிரண்டும் பெருவரலாறுகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கோயிலுக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட தெருக்களில் வாழ்ந்த மக்கள் குடிக்கவும் குளிக்கவும் நீரை எங்ஙனம் பெற்றனர், அதற்கு விலையாக எதனைக் கொடுத்தனர், அந்நீரை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்த தொழிலாளி யார் என்னும் வினாக்களை எழுப்பியோர் மிகச் சிலரே. நீரின் விலை என்பது மாதப் பட்டியலிற் காணப்படும் தொகை மட்டுமன்று. வாசலில் உள்ள நீர்மானிக்கும் அடுக்களைக் குழாய்க்கும் இடைப்பட்ட சில யார் தூரத்திலேயே அதன் பெரும்பங்கு மறைந்து கிடக்கின்றது. அத்தூரத்துக்கு உரிய கைவினைஞனுக்கு நமது சமூகம் இன்னும் உரிய இடத்தை வழங்கவில்லை என்பதே ஈண்டு யாம் கூற விழைவது.

ஊரின் நீர்வரலாற்றை அறிய ஏட்டுச் சான்றுகளைத் தேடுமுன் ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல் பயன்தரும். உப்புவெளி, உவர்மலை என்று ஒருபுறம். பாலையூற்று, ஆண்டான்குளம், பீலியடி என்று மறுபுறம். ஆங்கிலேயர் ஓர்ஸ் ஹில் என வழங்கிய மேடே தமிழில் உவர்மலை எனப்படுகின்றது. எது எதன் திரிபு என்ற வழக்கு ஒருபுறம் இருக்க, அப்பெயர் மக்கள் வாயிற் பொருளுடையதாக நிலைத்துவிட்டமை கவனிக்கத்தக்கது. உப்பும் நன்னீரும் அடுத்தடுத்து நிற்கும் நிலம் இது என்பதை இப்பெயர்கள் எந்தப் பௌதிகவியல் நூலுக்கும் முன்னரே உரைத்துவிட்டன. மேற்கே கன்னியாவில் ஏழு கிணறுகளில் ஏழு வகைச் சூட்டோடு வெந்நீர் ஊறுகின்றது. குளிர்நாடுகளில் வெந்நீர் பெறுவதற்கென ஒரு கொதிகலமும், அதனைப் பொருத்த ஒருவரும், பழுதுபார்க்க இன்னொருவரும் வேண்டும். நமக்கோ இயற்கை அதனை இலவசமாகத் தந்தது. குடிப்பதற்கான தண்ணீரைத்தான் அது சிக்கனமாக அளந்தது.

இச்சிக்கனத்திற்குக் காரணம் உண்டு. நகரம் உட்துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கின்றது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்கின்றது. வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சான் காற்று நிலத்தை வறட்டுகின்றது. பெய்த மழை கரையோர மணலில் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மீது ஒரு மெல்லிய வில்லைபோல மிதக்கின்றது. நன்னீர் உப்புநீரிலும் அடர்த்தி குறைந்தது என்பதே இதன் அடிப்படை. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாடன் கைபன் என்னும் ஒல்லாந்தரும், 1901 இல் ஹேர்ஸ்பேர்க் என்னும் செருமானியரும் கணித்துக் காட்டினர். இக்கணக்கின் மறுபக்கமே அச்சந் தருவது. மேலே ஓரடியை இறைத்துவிட்டால், காலப்போக்கிற் கீழிருந்து நாற்பதடி உப்பு மேலேறக்கூடும். வாளியாலும் துலாவாலும் இறைத்த காலத்தில் மனிதக் கையின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. அக்காவல் பின்னாளில் நீங்கியது பற்றி மேலே காண்போம்.

கிணற்றுக் காலத்தில் நீர் இலவசம் எனக் கூறுவோர் அதனை இறைத்துச் சுமந்தோரின் உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. ஐவர் கொண்ட குடும்பத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் எனக் கொண்டால், நாளுக்கு 250 லீற்றர் வேண்டும். 15 லீற்றர் கொள்ளும் குடத்தில் இது பதினேழு நடைக்குச் சமம். மாதமொன்றிற் சுமக்கப்படும் நிறை ஏழரைத் தொன். இன்றைய பட்டியலில் இது வெறும் ஏழரை அலகு என ஒரு வரியில் அடங்கிவிடும். அவ்வேழரைத் தொன்னையும் இடுப்பிற் சுமந்தோர் பெரும்பாலும் பெண்களும் சிறுமியருமே என்பதைக் கூறவேண்டுவதில்லை. நமது முன்னோர் நீருக்கு விலை கொடுக்கவில்லை என்பது, பணமாகக் கொடுக்கவில்லை என்ற அளவிலேயே உண்மையாகும்.

வீட்டுக்கு நீர் சுமந்து வந்த அதே நகரில், கப்பல்களுக்கு நீர் ஊட்டுவது அரசியற் பிரச்சினையாக இருந்தது. பாய்க்கப்பற் காலத்தில் ஒரு பெரும் போர்க்கப்பல் ஐந்நூறு அறுநூறு பேரைச் சுமந்து மாதக்கணக்கிற் கடலிற் கிடந்தது. உணவும் வெடிமருந்தும் எவ்வளவு இருப்பினும், நன்னீர்ப் பீப்பாய்கள் வற்றுமாயின் தளபதி கரையை நாடியே ஆகவேண்டும். 1782 இல் ஒரே ஆண்டுக்குள் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியரும், பிரித்தானியரிடமிருந்து சுப்பிரேன் என்னும் பிரெஞ்சுத் தளபதியும் இத்துறையைப் பறித்துக்கொண்டதன் பின்னணியில், பாதுகாப்பாகத் தங்கிப் பழுதுபார்த்து நீரும் விறகும் ஏற்றுவதற்கு ஏற்ற துறையின் அருமை உள்ளது. நீராவிக் கப்பல்கள் வந்தபின் தேவை வேறு வடிவம் பெற்றது. கொதிகலத்துக்கு உப்பற்ற நீர் வேண்டும்; உப்போ சுண்ணமோ கலந்த நீர் கொதிகலத்தின் உட்சுவரிற் படிந்து இரும்பைக் கெடுத்துவிடும். மனிதர் குடிக்கத் தயங்காத நீரை இயந்திரம் மறுத்துவிடும் காலம் அது.

நீரின் தூய்மை பற்றிய அறிவு கடற்படையினருக்கும் எளிதிற் கைவந்ததன்று. திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்ட ஆங்கிலேயருள் சார்ள்ஸ் ஒஸ்ரின் என்னும் கடற்படைத் தளபதி ஒருவர். புகழ்பெற்ற நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியாகிய அவர், 1852 இற் பர்மாவின் ஐராவதி ஆற்றிற் போர் நடத்திச் சென்றபோது வாந்திபேதியால் இறந்தார். இலண்டனில் ஜோன் சினோ என்னும் மருத்துவர், ஒரு தெருவின் அடிபம்பு நீரே அந்நோயைப் பரப்பியது என வரைபடங்கொண்டு காட்டியது அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னரேயாகும். தளபதியாயினும் கூலியாளாயினும் கெட்ட நீருக்கு ஒருவரே.

இருபதாம் நூற்றாண்டிற் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக எழுந்தன. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின் துறைமுகத்தின் பணிகள் பன்மடங்கு பெருகின. எண்ணெய், நீராவி, நன்னீர், கழிவு என ஒவ்வொன்றுக்கும் வேறு குழாய். ஒன்றோடொன்று கலந்தால் கப்பலே கெடும். இத்தகைய ஒழுங்கு நிலவிய பட்டறைகளில் உள்ளூர்த் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலையாளிகளும் உடன் உழைத்தனர். 1957 ஒக்ரோபர் 15 ஆந் திகதி பண்டாரநாயக்கா அரசிடம் தளம் கையளிக்கப்பட்டபோது கொடி இறங்கியதையும் ஏறியதையும் வரலாறு பதிந்துள்ளது. தளத்தை நம்பி வாழ்ந்தோரின் வேலையிழப்பும் பேசப்பட்டதுண்டு. ஆனால் அப்பட்டறைகளிற் பழகிய கைகள், குறடும் திருகுச்சாவியும் ஏந்தி நகரத்து வீடுகளை நாடியிருத்தல் கூடும் என்ற கோணத்தில் அந்நிகழ்ச்சியை நோக்கியோர் அரியர். கப்பற்பட்டறையில் மேற்பார்வையாளர் ஒருவரின் கண்காணிப்பிற் செய்த வேலையை, வீட்டிற் கேள்வி கேட்பாரின்றிச் செய்யும் நிலை அவர்களுக்கு வாய்த்திருக்கும் என்பதும் எண்ணிப்பார்க்கத்தக்கது.

இன்று நகரத்துக் குழாய்களில் ஓடும் நீர் கந்தளாய்க் குளத்தினது. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலிருந்து அது சுத்திகரிக்கப்பட்டு வருகின்றது. பாளி வரலாற்று மரபு அக்குளத்தை மகாசேனனோடும் ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதியோடும் இணைக்கின்றது. கோணேசர் கல்வெட்டின் மரபு குளக்கோட்டனோடு இணைக்கின்றது. குளமும் கோட்டமும் அமைத்தவன் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். சோழர் காலத்திற் கந்தளாய் இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்தது. யார் கட்டினார் என்ற வாதத்தில் நாம் செலவிட்ட மையில் நூறிலொரு பங்கையேனும் யார் பராமரித்தார் என்பதற்குச் செலவிட்டோமல்லோம். 1986 ஏப்பிரல் 20 ஆந் திகதி அதிகாலையில் அக்குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பராமரிப்பு என்பது வரலாற்றுப் பொருளே என்பதற்கு அதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

1974 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்து 1975 சனவரியிற் பணி தொடங்கிய தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, குழாய்நீரை ஒரு நாடளாவிய பொதுப்பணியாக்கியது. தெருக்குழாயில் வரிசையாக நின்ற குடங்கள் படிப்படியாகக் குறைந்து, வீட்டுக்கு வீடு இணைப்பும் மானியும் வந்தன. இம்மாற்றம் பெண்களின் முதுகிலிருந்து இறக்கிய சுமையை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் மானி வந்தபோது ஓர் எல்லைக்கோடும் உடன் வந்தது. மானி வரையுள்ள குழாய்க்குச் சபை பொறுப்பு. மானிக்கு அப்பால் வீட்டுக்காரரே பொறுப்பு. அப்பால் ஒழுகும் ஒவ்வொரு துளியும் அவர் கணக்கிலேயே ஏறும். மேலும், அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் உயரும் முறையிற் கட்டணம் அறவிடப்படுகின்றமையால், ஒழுகுங் குழாய் உள்ள வீடு தான் பயன்படுத்தாத நீருக்கு உயர்ந்த விலையைக் கொடுக்கின்றது.

இவ்வெல்லைக்கோடு புதியதன்று. கி.பி. 97 இல் உரோமாபுரியின் நீர்ப்பணிகளுக்குத் தலைவராக நியமிக்கப்பட்ட புரொந்தீனுஸ், வீடுகளுக்குச் செல்லும் குழாய்வாய்களின் விட்டத்தை முத்திரையிட்டு வரையறுத்தார். முத்திரைக்கு அப்பால் நீர்க்காரர் செய்த தில்லுமுல்லுகளைத் தம் நூலில் விரிவாக எழுதிவைத்தார். உரோமர் குழாய்களை ஈயத்தாற் செய்தனர். ஈயத்துக்கான அவர்கள் சொல்லே ஆங்கிலத்திற் குழாய்த் தொழிலாளியின் பெயராகி, அங்கிருந்து நம்மவர் நாவிற் பிளம்பர் என வந்து நிற்கின்றது. அரச ஆவணங்கள் குழாய் பொருத்துநர் என்னும். நமது தெருக்களிலோ பைப் வேலைக்காரர் அல்லது வெறுமனே பாஸ்.

மானிக்கு அப்பால் நிகழும் செலவைச் சற்று உற்று நோக்குவோம். நாட்கூலி, அல்லது குழாய்வாய் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு, அல்லது முழு வீட்டுக்கும் கொந்தராத்து என மூன்று வழிகளிற் பேரம் நடக்கின்றது. வீட்டுக்காரரின் கண்ணுக்குத் தெரிவது கூலி. தெரியாதது பொருளின் தரமும் வேலையின் ஆயுளும். துத்தநாகம் பூசிய இரும்புக்குழாய் இக்கடற்காற்றில், குறிப்பாக மரையோடிய மூட்டுகளில், விரைவில் துருவேறும். பீ.வீ.சி. துருப்பிடிக்காது, ஆயின் வெயிலில் வெளியே கிடந்தால் நொய்ந்துவிடும், பசை பூசுமுன் துடைக்கப்படாத மூட்டு நாளடைவிற் கசியும். கூரைமேல் ஏற்றும் 1000 லீற்றர் தாங்கி நிரம்பியபோது ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையது. அதனைத் தாங்கும் மேடை மேசன் வேலையா, குழாய் வேலையா என்ற தகராற்றில் இருவருமே பொறுப்பேற்காது விட்ட மேடைகளை எமது ஊரிற் பலவிடத்துங் காணலாம். செக்கனுக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாயிலிருந்து, இருபது சொட்டு ஒரு மில்லிலீற்றர் எனக் கொண்டால், நாளுக்கு நான்கு லீற்றருக்கு மேல் வீணாகும். இதனைத் தடுப்பது ஒரு சிறு இறப்பர் வொஷர். அதை மாற்ற வருபவருக்குக் கொடுக்கும் கூலி வொஷரின் விலையிலும் பன்மடங்கு என்பதால் வீட்டுக்காரர் மாதக்கணக்கிற் பின்போடுகின்றார். வொஷருக்கன்று, எதை மாற்றவேண்டும் என அறிந்த அறிவுக்கே அக்கூலி என்பதை ஏற்க நாம் தயங்குகின்றோம். மருத்துவரிடம் இவ்வாறு எவரும் பேரம் பேசுவதில்லை.

பிழையான வேலை தன் வீட்டோடு நின்றால் அது வீட்டுக்காரரின் விதி எனலாம். ஆனால் நீர்க்குழாய் ஒரு பொதுச்சொத்தின் கிளை. நீரமுக்கம் குறைந்த நேரத்தில் மோட்டரைச் சபைக் குழாயோடு நேரே பொருத்தி உறிஞ்சும் வீடு, அயலவரின் நீரை மட்டும் கவர்வதில்லை. குழாயினுள் அமுக்கத்தைத் தாழ்த்தி, வெடிப்புகளினூடாக வெளியேயுள்ள அழுக்கு நீரையும் உள்ளே இழுக்கின்றது. கிணற்று மோட்டர்க் குழாயையும் சபைக் குழாயையும் தடைவால்வின்றி ஒன்றாக இணைத்துவிட்டால், மலசலகூடக் குழிக்கு அருகேயுள்ள கிணற்றின் நீர் ஒரு தெருவுக்கே பரவக்கூடும். உரிமம் என்ற ஏற்பாடு பிறந்தது இவ்வச்சத்திலிருந்தே. 1871 இல் பிரித்தானிய இளவரசர் நெருப்புக்காய்ச்சலுற்று மரணத்தின் விளிம்புக்குச் சென்றபோது, அவர் தங்கிய மாளிகையின் வடிகாற் குழாய்களே காரணம் எனப் பரவலாக நம்பப்பட்டது. 1886 இல் இலண்டன் குழாய்த் தொழிலாளர் சங்கம் தகுதியுடையோரைப் பதிவுசெய்யும் முறையைத் தொடங்கியது. இன்று நம்மவர் பலர் குடியேறியுள்ள கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இத்தொழிலைப் பயில ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், 9000 மணித்தியாலங்கள் வேண்டும். சான்றின்றிச் செய்தல் சட்டவிரோதம். அங்கு நீர் உறைகையில் நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிந்து குழாயை வெடிக்கச் செய்வதால், ரொறன்ரோ நகரில் ஆழமாகக் குழாய் புதைக்கின்றனர். அங்கிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் பிளம்பர் கூலியைச் சொல்லி வியக்க வைப்பதுண்டு. அக்கூலியில் அந்த 9000 மணித்தியாலங்களும் அடக்கம் என்பதை எவரும் சொல்வதில்லை.

நமக்குக் குளிர்காலம் இல்லை. வேறு காலங்கள் உண்டு. போர்க்காலத்தில் மக்கள் பெயர்ந்துபோன வீடுகளிலிருந்து ஓடும் கதவும் குழாயும் கழற்றப்பட்டன. 2004 திசெம்பர் 26 ஆந் திகதிக் கடற்பேரலை கிழக்குக் கரையோரக் கிணறுகளை உப்பால் நிரப்பியது. நல்லெண்ணத்துடன் மோட்டர்கொண்டு அக்கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்துச் சுத்திகரித்தபோது, பலவிடங்களில் உப்பு குறைவதற்குப் பதிலாகக் கீழிருந்து மேலேறியது. கைபனும் ஹேர்ஸ்பேர்க்கும் எழுதிவைத்த கணக்கு, துலாவின் காவல் நீங்கிய மண்ணில் தன்னை நிறுவிக் காட்டிற்று. பௌசர் வண்டிகளும், பின்னர் பெய்த பருவமழைகளுமே அவ்வாண்டுகளிற் பல குடும்பங்களைக் காத்தன.

2022 இன் நெருக்கடி வேறு வகையினது. ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த நாணயமாற்று வீதம் சில வாரங்களுள் 360 வரை சென்றது. பித்தளைக் குழாய்வாயும் மோட்டரும் பீ.வீ.சி. மூலப்பொருளும் இறக்குமதியாகுபவை, ஆகவே வீட்டுக் குழாய்வேலையின் செலவு ஒரே பாய்ச்சலில் ஏறியது. அவ்வாண்டு செப்ரெம்பரிலும் 2023 ஓகஸ்ரிலும் நீர்க்கட்டணமும் உயர்ந்தது. மூன்றாவது செலவு ஒன்றும் உண்டு. 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்காக இலங்கையை விட்டுச் சென்றனர். கைத்தொழில் அறிந்தோருக்கு வளைகுடாவிற் கிராக்கி மிகுதி. தேசிய தொழிற்றகைமை என்னும் சான்றிதழ் முறை குழாய் பொருத்துநருக்கும் உண்டு; பாடசாலைப் படிப்பு இல்லாத பழைய கைகாரரும் தம் அனுபவத்தைச் செய்துகாட்டி அதனைப் பெறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளூர் வீட்டுக்காரர் அச்சான்றிதழைக் கேட்பதில்லை, கேட்டாலும் அதற்கென ஒரு சதம் கூடுதலாகக் கொடுப்பதில்லை. வெளிநாட்டு முகவர் கேட்கின்றார். எனவே சான்றிதழ் பெற்றவர் விமானம் ஏறுகின்றார். பெறாதவர் மனையாவெளியிலும் உப்புவெளியிலும் வேலை செய்கின்றார். இதற்காக அவரைக் குறைகூறுதல் நியாயமன்று. அவருக்குக் கற்பிக்கும் செலவை ஏற்க ஊரில் எவரும் முன்வரவில்லை.

பலகலைக்கழகத்தில் வரலாறு பயில்வோராகிய நாம் உறுதிகளையும் தோம்புகளையும் சான்றாகக் கொள்ளப் பழகியுள்ளோம். திருகோணமலை வீடொன்றின் அலுமாரியைத் திறந்தால் காணியுறுதி இருக்கும், கட்டிட வரைபடமும் இருக்கலாம். நிலத்தடியில் எந்தக் குழாய் எவ்விடத்தில் எந்த ஆழத்தில் வளைந்து செல்கின்றது என்ற படம் பெரும்பாலும் இராது. அது அதனைப் புதைத்தவரின் நினைவில் மட்டுமே உண்டு. சீமெந்துத் தரையில் ஈரம் கசியும்போது வீட்டுக்காரர் முதலில் விசாரிப்பது, அன்று இந்தக் குழாயைப் போட்ட பாஸ் இப்போது எங்கே என்பதைத்தான். கட்டாரில் இருக்கின்றார் என விடை வருகின்றது. தொலைபேசியிற் காணொளியைக் காட்ட, அங்கிருந்து அவர், கிணற்றுப் பக்கச் சுவரிலிருந்து மூன்றடி விட்டு உடையுங்கள் என்கின்றார்.